1 கி.மீ. தூரத்தில் விழுந்த தோட்டா ஓட்டையை செல்போனில் பார்ப்பது எப்படி? ஒயர்லெஸ் டார்கெட் கேமரா: முழு விளக்கம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் பிரிவில் வெண்கலம் வென்றதை டிவியில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். அவர் சுட்ட அடுத்த கணமே பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் தோட்டா எங்கே பட்டது, எத்தனை புள்ளி என்று எல்லாம் வந்துவிட்டது. எழுந்து போய் இலக்கைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் அது வெறும் 50 மீட்டர். இப்போது ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளின் அதிகபட்ச தூரமே அவ்வளவுதான். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் 600 கெஜம், 1,000 கெஜம் தூரத்தில் இலக்கு வைத்துச் சுடும் போட்டிகள் நடக்கின்றன. 1,000 கெஜம் என்றால் சுமார் 914 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்!

அவ்வளவு தூரத்தில் காகிதத்தில் விழுந்த பென்சில் தடிமன் ஓட்டையை எப்படிப் பார்ப்பது? அதற்காக வந்ததுதான் ஒயர்லெஸ் டார்கெட் கேமரா. அது எப்படி வேலை செய்கிறது, எப்படி அமைப்பது, எந்த இடத்தில் அதை நம்பக் கூடாது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்ணுக்கு ஏன் தெரியாது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நீண்ட தூரச் சுடுதலில் அதிகம் பயன்படும் 308 ரகத் தோட்டாவின் விட்டம் 7.8 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண் 914 மீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய அளவு சுமார் 26 சென்டிமீட்டர். அதாவது அந்த ஓட்டை கண்ணின் எல்லையைவிட 34 மடங்கு சின்னது.

"அப்படின்னா 60 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப் வைத்துப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். காகிதத்தில் கணக்குப் போட்டால் சரிதான். நிஜத்தில் நடக்காது. காரணம், கானல்.

வெயில் ஏற ஏற தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழுகிறது. அந்தக் காற்றின் வழியே வரும் ஒளி வளைந்து நெளிகிறது. மதிய நேரத்தில் நெடுஞ்சாலையில் தூரத்து லாரி தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடுமே, அதே சங்கதிதான். ஒரு கிலோமீட்டர் சூடான காற்றைக் கடந்து வரும் படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும், அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். ஓட்டை மட்டும் தெரியாது.

கருப்பு நிற வளையத்துக்குள் விழுந்த ஓட்டை என்றால் இன்னும் சிரமம். கருப்பில் கருப்பாகப் போய்விடும்.

இதுவரை எப்படிப் பார்த்தார்கள்?

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1890-ல் இருந்து போட்டிகள் நடக்கின்றன. அங்கே இதற்கு மனிதர்களே ஏற்பாடு. இலக்குகளுக்குக் கீழே மண்மேட்டுக்குப் பின்னால் பள்ளம் இருக்கும். அதற்குள் பாதுகாப்பாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். தோட்டா பட்டதும் இலக்கைக் கீழே இழுப்பார். ஓட்டையில் பளிச்சென்று தெரியும் ஒரு வட்டத் தகட்டைச் செருகுவார். பழைய ஓட்டையை ஒட்டி மறைப்பார். மறுபடி இலக்கை மேலே தூக்குவார். சுடுபவர் ஸ்கோப்பில் அந்தத் தகட்டைப் பார்த்துத் தன் குறியைத் திருத்திக்கொள்வார்.

அமெரிக்காவில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரியிலும் இந்த முறை உண்டு. ஒரு குழு சுடும்போது இன்னொரு குழு பள்ளத்தில் இறங்கி வேலை பார்க்கும். பிறகு இடம் மாறிக்கொள்ளும்.

ஆனால் எல்லா சுடுதளத்திலும் பள்ளம் கிடையாது. பயிற்சிக்கு வரும் ஒருவருக்காகப் பள்ளத்தில் ஆள் உட்கார வைக்கவும் முடியாது. அங்கே என்ன நடக்கும்? ஐந்து தோட்டா சுட வேண்டும். எல்லோரும் சுடுவதை நிறுத்த வேண்டும். துப்பாக்கிகளைக் காலி செய்து வைக்க வேண்டும். பிறகு வண்டியில் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

இதில் நேரம் வீணாவது ஒரு பக்கம். ஆள் இலக்குப் பக்கம் போகும் ஒவ்வொரு பயணமும் ஒரு ஆபத்து என்பது இன்னொரு பக்கம். "அங்கே ஆள் இருக்கிறார்" என்பதை இங்கே இருக்கும் எல்லோரும் மறக்காமல் இருந்தால்தான் அவர் பத்திரமாகத் திரும்புவார். அந்தப் பயணங்களைக் குறைப்பதுதான் கேமராவின் முதல் பயன்.

ஒவ்வொரு தோட்டாவும் எங்கே பட்டது என்று ஏன் தெரிய வேண்டும்?

காற்றுதான் காரணம். 1,000 கெஜத்தைக் கடக்க 308 ரகத் தோட்டாவுக்கு ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, அதை 2 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதாவது காற்றைக் கணக்கில் எடுக்காமல் நடுப்புள்ளியைக் குறிவைத்தால் தோட்டா இலக்கைத் தாண்டியே போய்விடலாம்.

காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முந்தைய தோட்டா எங்கே போனது என்று தெரியாமல் அடுத்ததைச் சுடுவது இருட்டில் கல் எறிவது மாதிரிதான்.

கேமரா செட்டில் என்னென்ன இருக்கும்?

கேட்க பெரிதாகத் தெரிந்தாலும் பாகங்கள் குறைவுதான்.

இலக்குப் பக்கம்: ஒரு ஐபி கேமரா, ஒரு ஒயர்லெஸ் ரேடியோ, ஒரு பேட்டரி.

சுடுபவர் பக்கம்: இன்னொரு ரேடியோ, அதற்கு ஒரு பேட்டரி, செல்போன் அல்லது டேப்லெட்டுக்கு வைஃபை கொடுக்க ஒரு சின்ன ரவுட்டர்.

கேமரா இலக்கின் அருகிலேயே நின்று படம் பிடிக்கும். ஆகவே கானல் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. ஒரு கிலோமீட்டர் காற்றைக் கடந்து வருவது ரேடியோ அலை. கானலில் ஒளிப்படம் நெளிவதுபோல் அது நெளியாது. இந்த ஏற்பாட்டின் அடிப்படையே இதுதான்.

இவற்றை ஒரே பெட்டியில் போட்டு 'ஒரு மைல் வரை வேலை செய்யும்' என்று விற்கும் ரெடிமேட் கிட்டுகளும் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. தனித்தனியாக வாங்கி இணைப்பவர்களும் உண்டு. ஒரு கட்டடத்தில் இருந்து தூரத்தில் உள்ள இன்னொரு கட்டடத்துக்கு கேபிள் இல்லாமல் சிசிடிவி படம் கொண்டுபோக 'அவுட்டோர் பிரிட்ஜ்' என்று இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எதிரெதிரே மாட்டுவார்களே, அதே சாதனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

கேமராவை எங்கே வைப்பது?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். "இலக்குக்கு நேர் முன்னால், கீழே வைத்துவிட்டால் படம் நேராக வரும்" என்று தோன்றும். ஆனால் நீண்ட தூரத்தில் தோட்டா கீழ்நோக்கிச் சாய்ந்துதான் வந்து சேரும். தூரத்தைக் குறைத்துக் கணித்துவிட்டால் அது இலக்குக்கு முன்னால் தரையில்தான் விழும். நேர் முன்னால் இருக்கும் கேமராவுக்கு அதுதான் கடைசி நாள்.

எனவே சில மீட்டர் முன்னால், சில மீட்டர் பக்கவாட்டில் தள்ளி, தரையோடு தாழ்வாக வைப்பது நல்லது. மணல் மூட்டை அல்லது சின்ன மண்மேட்டுக்குப் பின்னால் வைத்து லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி அமைக்கலாம்.

எந்தப் பக்கம்? காற்று தோட்டாவை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தைத் தவிர்க்கலாம். காற்றைக் குறைத்து மதிப்பிட்டால் தோட்டாக்கள் அந்தப் பக்கமாகத்தான் விலகும்.

பக்கவாட்டில் இருந்து எடுத்தால் படம் கொஞ்சம் சாய்வாகத் தெரியும். வட்டம் முட்டை வடிவமாகும். பெரிய பாதிப்பு இல்லை. இலக்கில் அளவுக் கோடுகள் இருந்தால் ஓட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எளிதாகக் கணிக்கலாம். சில செயலிகள் சாய்வைத் தாமாகவே நிமிர்த்தியும் காட்டும்.

இரும்புத் தகடு இலக்கு என்றால் கதையே வேறு. தோட்டா தகட்டில் மோதிச் சிதறும். அந்தச் சிதறல்கள் பெரும்பாலும் தகட்டின் முகத்தை ஒட்டி நாலாபுறமும் பக்கவாட்டில்தான் பறக்கும். ஆகவே தகட்டின் பக்கத்தில், அதே கோட்டில் கேமரா வைப்பது மிக மோசமான இடம். அதைவிட அதிகத் தூரம் முன்னால் தள்ளி, கண்டிப்பாகத் தடுப்புக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ரேடியோவையும் பேட்டரியையும் கேமராவோடு சேர்த்து அதே இடத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும். கேமரா மட்டும் இலக்கின் அருகே இருக்கட்டும். ரேடியோ கம்பம் 15, 20 மீட்டர் தள்ளி, சுடும் பாதைக்கு வெளியே நிற்கட்டும்.

எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

4கே கேமராதான் வேண்டும் என்று அவசியமில்லை. ஃபுல் எச்டி படத்தில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள் இருக்கும். 1.8 மீட்டர் அகல இலக்கை முழுசாகப் பிடித்தால் ஒரு புள்ளி சுமார் 1 மில்லிமீட்டர். 7.8 மில்லிமீட்டர் ஓட்டை 8 புள்ளி அகலத்துக்குத் தெரியும். கண்டுபிடிக்கப் போதும்.

நடுவில் உள்ள 60 சென்டிமீட்டர் பகுதியை மட்டும் ஜூம் செய்தால் அதே ஓட்டை 25 புள்ளி அகலம் கிடைக்கும். அதனால் பிக்சலைவிட, ஜூம் செய்யக்கூடிய லென்ஸுக்கு முன்னுரிமை கொடுப்பது புத்திசாலித்தனம்.

சூரிய வெளிச்சம் லென்ஸில் நேராக விழாத திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இலக்குக்குப் பின்னால் வெளிர் நிற மண்மேடு இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் உள்ள ஓட்டை சரியாகத் தெரியாது. காகிதத்துக்குப் பின்னால் கருப்பு அட்டை ஒட்டினால் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும்.

சிக்னல் ஏன் விட்டு விட்டு வருகிறது?

"கண்ணுக்கு நேராகத் தெரியுது, ஆனா சிக்னல் வரலையே?" ஒயர்லெஸ் பிரிட்ஜ் மாட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒற்றைக் கோட்டில் போவதில்லை. இரண்டு ஆண்டெனாக்களுக்கும் நடுவே வெள்ளரிக்காய் வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்திருக்கும். இதற்கு ஃப்ரெனெல் மண்டலம் என்று பெயர். இதற்குள் தரை, புதர், மண்மேடு புகுந்தால் சிக்னல் பலம் குறையும்.

914 மீட்டர் தூரத்துக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடுப்பகுதியின் ஆரம் சுமார் 5.3 மீட்டர். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 3.4 மீட்டர். குறைந்தது 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. அப்படியானால் நடுவில் முதலாவதற்கு 3.2 மீட்டரும், இரண்டாவதற்கு 2 மீட்டருக்குச் சற்று மேலும் இடைவெளி தேவை.

சமதளத்தில் இரண்டு ரேடியோவையும் முழங்கால் உயரத்தில் வைத்தால் என்ன ஆகும்? வெள்ளரிக்காயின் பாதி தரைக்குள் போய்விடும். சிக்னல் விட்டு விட்டு வருவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு எளிது: உயரம். சுடுபவர் பக்கம் ஷெட் கூரையில் 4 மீட்டர் உயரத்தில் ஒன்று, இலக்குப் பக்கம் 1 மீட்டர் கம்பத்தில் ஒன்று என்றால் நடுவே 2.5 மீட்டர் உயரம் கிடைக்கும். 5.8-க்கு அது போதும். இரு மேடுகளுக்கு நடுவே பள்ளமான நிலம் என்றால் இன்னும் நல்லது.

2.4-ஆ, 5.8-ஆ? எது நல்லது?

ஒரே திறன் கொண்ட ஆண்டெனாவை வைத்துப் பார்த்தால் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை அதே தூரத்தில் கிட்டத்தட்ட 6 மடங்கு அதிகப் பலத்தை இழக்கும். அதைப் பார்த்தால் 2.4 நல்லது என்று தோன்றும்.

ஆனால் 2.4-ல் நெரிசல் அதிகம். பக்கத்தில் உள்ள செல்போன் ஹாட்ஸ்பாட், புளூடூத் என எல்லாம் அங்கேதான் பேசுகின்றன. போட்டி நாளில் பத்து பேர் பத்து கேமரா வைத்தால் ஒன்றை ஒன்று மறிக்கும். 5.8-ல் இடம் தாராளம், வெள்ளரிக்காயும் ஒல்லி. அதன் இழப்பை ஒரே திசையில் குவித்து அனுப்பும் பேனல் ஆண்டெனா ஈடுகட்டிவிடும். ஒரு கிலோமீட்டர், தடையில்லாத நேர்பார்வை என்றால் 5.8 பேனல் ஜோடி தாராளமாகப் போதும். நடுவே மரங்கள் இருந்தால் இரண்டுமே திணறும், 5.8 இன்னும் அதிகமாகத் திணறும்.

சிக்னல் அளவை ரேடியோவின் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். மைனஸ் எண்ணாக வரும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு பலம். மைனஸ் 60 முதல் 65 வந்தால் நிம்மதி. மைனஸ் 80-ஐத் தாண்டினால் ஆண்டெனா திசையையும் உயரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

சின்ன யுபிஎஸ், பேட்டரி ஸ்ப்ரேயர்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 84 வாட்-ஹவர். கேமராவுக்கு 5 வாட், ரேடியோவுக்கு 6 வாட் என்றால் காகிதக் கணக்கில் ஏழரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் அந்த ரகப் பேட்டரியை முழுசாகக் காலி செய்தால் சீக்கிரம் பழுதாகும். 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ முறையில் எல்லாமே ஒரே வோல்டேஜ் கிடையாது. பல வெளிப்புற ரேடியோக்கள் 24 வோல்ட் கேட்கும். பல ஐபி கேமராக்கள் 48 வோல்ட் தரத்தில் இருக்கும். இரண்டுக்கும் பிளக் ஒரே மாதிரி! மாற்றிச் செருகினால் சாதனம் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. செருகுவதற்கு முன் பெட்டியில் உள்ள எண்ணைப் படிப்பது அவசியம்.

செல்போனில் படம் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்க

எல்லாம் சரியாக மாட்டியும் படம் வரவில்லை என்றால், பிரச்சினை சிக்னலில் இல்லாமல் செல்போனில் இருக்கலாம்.

இந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. கேமரா படம் மட்டும்தான் வரும். செல்போனோ "இதில் நெட் இல்லை" என்று முடிவு செய்து சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். கேமரா செயலி படம் இல்லை என்று சொல்லும். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்தால் பல நேரம் உடனே சரியாகிவிடும்.

அடுத்தது முகவரி. கேமரா, இரண்டு ரேடியோ, ரவுட்டர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐபி எண் வேண்டும். 192.168.1 என்று தொடங்கும் ஒரே வரிசையில், கடைசி எண் மட்டும் மாறும்படி நிரந்தரமாக வைத்துவிட்டால் குழப்பம் வராது. எண்களை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் வீட்டு மொட்டைமாடியிலோ தெருவிலோ 50 மீட்டர் தூரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் நடந்து போய் "பாஸ்வேர்ட் என்ன?" என்று திரும்பி வருவது போன்ற வெறுப்பு வேறு எதுவும் இல்லை.

இதில் எந்த ஓட்டை புதுசு?

பத்து தோட்டா சுட்ட பிறகு திரையில் பத்து ஓட்டை இருக்கும். கடைசியாக விழுந்தது எது? டார்கெட் கேமரா செயலிகள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கின்றன. சுடுவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் மினுக்கிக் காட்டும்.

இதற்கு கேமரா அசையாமல் நிற்க வேண்டும். காற்றில் ஸ்டாண்ட் ஆடினால் படம் முழுக்கவே மாறியதாக செயலி நினைத்துக்கொள்ளும். ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் பை கட்டித் தொங்கவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சாதாரண சிசிடிவி செயலி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

தொடர் வீடியோ தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஓட்டை எங்கும் ஓடிவிடாது. விநாடிக்கு ஒரு படம் வந்தாலே போதும். பட எண்ணிக்கையைக் குறைத்தால் பலவீனமான சிக்னலிலும் தெளிவான படம் கிடைக்கும்.

படம் உறைந்து போனால்? இதுதான் முக்கியம்

இந்த ஏற்பாட்டின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஒயர்லெஸ் துண்டித்தால் சில செயலிகள் கருப்புத் திரை காட்டும். சில செயலிகள் கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அது பழைய படம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. திரையில் இலக்கு மட்டும், பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அந்தப் படம் மூன்று நிமிடம் முந்தையது. இப்போது அங்கே ஒருவர் கேமராவைச் சரிசெய்து கொண்டிருக்கலாம்.

படம் உறையாவிட்டாலும், கேமரா பார்ப்பது சில மீட்டர் அகலத்தை மட்டும்தான். அதற்கு வெளியே பேட்டரி மாற்றிக்கொண்டு நிற்பவர் திரையில் வரவே மாட்டார். கேமரா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தோட்டா எங்கே பட்டது. அங்கே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை அது சொல்லாது.

"திரையில் யாரும் இல்லை" என்பதை வைத்து ஒருபோதும் சுடத் தொடங்கக் கூடாது. போனவர் திரும்பி வந்துவிட்டாரா என்று நேரில் எண்ணிப் பார்ப்பது, ரேஞ்ச் அதிகாரியின் அனுமதி, கொடி, வாக்கி-டாக்கி என்று ஏற்கெனவே உள்ள எந்த விதியையும் கேமரா மாற்றிவிடாது. இலக்குப் பக்கம் போகும் பயணங்களை அது குறைக்கிறது. போகும் பயணத்தைப் பாதுகாப்பானதாக மாற்றுவதில்லை.

படம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, கேமராவிலேயே நேரம் விநாடியோடு படத்தின் மேல் வரும்படி அமைப்பது. எண் ஓடவில்லை என்றால் படம் செத்துவிட்டது என்று பொருள். இரண்டு, இலக்குச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு ரிப்பன் கட்டிவிடுவது. அது ஆடிக்கொண்டிருந்தால் படம் புதுசு. அந்த இடத்தில் காற்று எப்படி வீசுகிறது என்பதும் இலவசமாகத் தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக் டார்கெட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. நீண்ட தூரச் சுடுதளங்களில் உள்ள எலக்ட்ரானிக் இலக்குகளில் கேமரா கிடையாது. ஒலியைவிட வேகமாக வரும் தோட்டா ஓர் அதிர்வலையைக் கிளப்பும். இலக்கின் மூலைகளில் உள்ள மைக்குகளுக்கு அது வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அந்தச் சின்ன நேர வித்தியாசத்தை வைத்துக் கணினி இடத்தைக் கணக்கிடும். ஓட்டையைப் பார்க்கவே தேவையில்லை.

புள்ளி போடுவதற்கு அது வசதி. ஏற்கெனவே உள்ள ஓட்டைக்குள்ளேயே அடுத்த தோட்டா போனாலும் கண்டுபிடிக்கும். கேமராவால் அது முடியாது. ஆனால் கேமரா காட்டுவது கணக்கிட்ட இடத்தை அல்ல, உண்மையான ஓட்டையை. பயிற்சிக்கு அதுவே போதும் என்பவர்கள் கேமராவைத் தேர்வு செய்கிறார்கள்.

இந்தியாவில் பயன்படுத்தலாமா?

உரிமம் பெற்ற துப்பாக்கி, அனுமதி பெற்ற சுடுதளம் இரண்டும் முதல் நிபந்தனை. கேமராவைப் பொறுத்தவரை சுடுதள நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். போட்டி என்றால் அதன் விதிகள் அனுமதிக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அலைவரிசை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பட்டைக்கு இங்கே தனி உரிமம் வேண்டாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைகளும் 2018-ல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரிமம் இன்றித் திறக்கப்பட்டன. இரண்டிலும் சக்தி வரம்பு உண்டு.

ஆனால் அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் உரிமம் இல்லாதது. அந்த '900' ரேடியோக்கள் தடைகளைச் சமாளிக்கும் என்பதால் அங்கே பிரபலம். இந்தியாவில் அதன் ஒரு பகுதி செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வந்த கிட்டை இங்கே ஆன் செய்தால் செல்போன் டவருக்கே இடைஞ்சல் செய்த குற்றத்தில் மாட்ட நேரிடலாம். வாங்கும் முன் அலைவரிசையைப் பார்ப்பது கட்டாயம்.

துப்பாக்கி இல்லாதவர்களுக்கும் இது பயன்படும். ஒலிம்பிக் ரிகர்வ் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கும். அவ்வளவு தூரத்துக்குப் பெரிய ஆண்டெனாகூட வேண்டாம். இலக்கின் அருகே பாதுகாப்பாக வைத்த ஒரு வைஃபை கேமரா, ஒரு ரவுட்டர் போதும். அம்பு எங்கே பாய்ந்தது என்று பயிற்சியாளர் நின்ற இடத்திலேயே பார்க்கலாம்.

சுருக்கமாக: மறக்கக் கூடாதவை

* கேமரா இலக்குக்கு நேர் முன்னால் வேண்டாம். பக்கவாட்டில், தாழ்வாக, தடுப்புக்குப் பின்னால்.
* இரும்புத் தகடு என்றால் தகட்டின் பக்கக் கோட்டில் வைக்கவே கூடாது.
* ரேடியோவுக்கு உயரம் முக்கியம். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது.
* பிஓஇ வோல்டேஜ் பார்த்த பிறகே கேபிள் செருக வேண்டும்.
* படம் வரவில்லை என்றால் முதலில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்ய வேண்டும்.
* திரையில் விநாடி ஓடுகிறதா, ரிப்பன் ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.
* திரையில் ஆள் தெரியவில்லை என்பது, அங்கே ஆள் இல்லை என்பதற்கு ஆதாரம் அல்ல. போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுத்த தோட்டா.